விலை குறைந்த மைக்ரோஸ்கோப்பில் தெளிவு எங்கிருந்து வருகிறது?

ஆரம்பநிலை மைக்ரோஸ்கோப்பின் பெட்டியில் ‘1200 மடங்கு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். அதைவிட முக்கியமான எண், பார்க்கும் பொருளுக்குப் பக்கத்தில் இருக்கும் லென்ஸின் உடம்பில் பொடி எழுத்தில் இருக்கிறது. 40 மடங்கு லென்ஸைத் திருப்பிப் பாருங்கள், பக்கத்திலேயே 0.65 என்று பொறித்திருக்கும். பொருளிலிருந்து விரிந்து வரும் ஒளியை லென்ஸ் எவ்வளவு அகலமான கூம்பாக வாங்கிக்கொள்கிறது என்பதற்கான அளவு அது. நியூமெரிக்கல் அப்பர்ச்சர் என்பார்கள்.

1873-ல் ஜெர்மன் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் அபே சொன்ன கணக்கு இதுதான்: ஒளியின் அலைநீளத்தை இந்த எண்ணின் இரு மடங்கால் வகுக்க வேண்டும். வருகிற விடையைவிட நெருக்கமாக இருக்கும் இரண்டு புள்ளிகள் ஒன்றாகக் கலந்துதான் தெரியும். பச்சை ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய 0.55 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அப்படியானால் 0.65 லென்ஸின் எல்லை சுமார் 0.42 மைக்ரான். கண்ணருகு லென்ஸை மாற்றி எவ்வளவு பெரிதாக்கினாலும் இந்த எல்லை நகராது, மங்கல்தான் பெரிதாகும். 0.65-ன் ஆயிரம் மடங்கு, அதாவது 650 மடங்கு பெரிதாக்குவதுதான் இந்த லென்ஸுக்குப் போதுமான உச்சம்.

அந்த 0.42-கூட சும்மா கிடைத்துவிடாது. கீழேயிருந்து ஸ்லைடுக்குள் வரும் ஒளியும் அதே அளவு அகலமான கூம்பாக இருக்க வேண்டும். மேடைக்கு அடியில், ஒளி வரும் துளையைச் சுருக்கி விரிக்கும் டயஃப்ரத்தை நன்றாக மூடிவிட்டால் ஒளி குறுகிய கற்றையாக வரும். அப்போது அபேயின் வகுத்தலில் ‘இரு மடங்கு’ போய்விடுகிறது, எல்லை 0.85 மைக்ரானுக்கு விழுகிறது. பாதித் திறன் போச்சு. முழுக்கத் திறந்தாலும் சிக்கல்தான். நிறமில்லாத செல்கள் வெளிச்சத்தில் கரைந்து காணாமல் போகும். பலரும் டயஃப்ரத்தை வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் திருகாக நினைத்துக்கொள்கிறார்கள். வெளிச்சத்துக்கு விளக்கின் திருகு இருக்கிறது. டயஃப்ரத்தின் வேலை நுணுக்கத்தையும் கருமை வெளுமை வேறுபாட்டையும் சமன் செய்வது. கண்ணருகு லென்ஸைக் கழற்றிவிட்டுக் குழாய்க்குள் எட்டிப் பாருங்கள். அடியில் ஒளிவட்டம் ஒன்று தெரியும். அதன் அகலத்தில் முக்கால் பங்கு நிறையும்படி டயஃப்ரத்தை வைத்தால் அநேகமாகச் சரியாக இருக்கும். ஒவ்வொரு லென்ஸுக்கும் இதை மாற்றி வைக்க வேண்டும்.

சரி, இனி ஸ்லைடு. லென்ஸில் 0.17 என்றும் எழுதியிருக்கும். அது பொருளின் மேல் மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பின் தடிமன், மில்லிமீட்டரில். அந்தக் கண்ணாடி நடுவில் இருக்கும் என்று கணக்குப் போட்டுத்தான் 40 மடங்கு லென்ஸைச் செய்கிறார்கள். அது இல்லாமல் வெறும் நீர்த்துளியைப் பார்த்தால், துளியின் வளைந்த மேற்பரப்பே வேண்டாத இன்னொரு லென்ஸாகிவிடும். தண்ணீர் அதிகமாகி கவர் ஸ்லிப் மிதந்தாலும் படம் கெடும். ஓரத்தில் வடிதாளை வைத்து உறிஞ்சிவிடுங்கள். ஸ்லைடைத் தலைகீழாக வைத்தால் 10 மடங்கில் நன்றாகத் தெரியும், 40-ல் ஃபோகஸே ஆகாது. லென்ஸுக்கும் பொருளுக்கும் இடையே அரை மில்லிமீட்டர் சொச்சம்தான் இடைவெளி. ஸ்லைடோ ஒரு மில்லிமீட்டர் தடிமன்.

40 மடங்கில் ஒரு சமயத்தில் கூர்மையாகத் தெரிவது ஏறக்குறைய ஒரு மைக்ரான் ஆழம் மட்டுமே. அதனால்தான் தடிமனான துண்டை எந்த லென்ஸாலும் காப்பாற்ற முடியாது. வெங்காயச் செதிலின் உட்புறத்தில் உரியும் சவ்வு ஒற்றைச் செல் அடுக்கு என்பதால்தான் எல்லாரும் அதில் தொடங்குகிறார்கள். ஒரு சொட்டு அயோடின் விட்டால் உட்கரு பழுப்பாக எழுந்து வரும். நுண்திருகை மெல்லத் திருப்பினால், முதலில் செல்லின் மேல்சுவர் தெரியும், அப்புறம் அது மறைந்து உட்கரு வரும்.

இவ்வளவும் செய்த பிறகும் 40-ல் மட்டும் பால் படர்ந்தது போலத் தெரிந்தால், அந்த லென்ஸின் முனை ஈரத்தில் பட்டிருக்கும். லென்ஸ் துடைக்கும் தாளைக் காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்து, அழுத்தாமல் ஒற்றி எடுங்கள். கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் கண்ணருகு லென்ஸைச் சுழற்றுங்கள். புள்ளியும் கூடவே சுழன்றால் தூசி அங்கே. ஸ்லைடை நகர்த்தும்போது நகர்ந்தால் ஸ்லைடில். இரண்டுக்கும் அசையாவிட்டால் விளக்குப் பக்கம் தேடுங்கள்.