டேஷ்போர்டின் சிறு பல்புக்குப் பதிலாக எல்இடி: மின்சுற்றில் என்ன மாறுகிறது?

மோட்டார் சைக்கிளின் ஸ்பீடோமீட்டரை ஒட்டி நியூட்ரலுக்கு ஒரு பச்சை விளக்கும், ஹை பீமுக்கு ஒரு நீல விளக்கும், இண்டிகேட்டருக்குப் பச்சையிலோ மஞ்சளிலோ இன்னொரு விளக்கும் இருக்கும். சற்றுப் பழைய வண்டிகளில் இந்த நிற மூடிகளுக்குப் பின்னால் இருப்பவை ஒரு வாட் முதல் மூன்று வாட் வரையிலான சிறிய இழை பல்புகள். அவற்றில் ஒன்று போய்விட்டால் அதே அளவுள்ள எல்இடியை வாங்கிச் செருகிவிடுவது இப்போது பரவலான பழக்கம். பெரும்பாலான இடங்களில் அது சிக்கலின்றி எரிகிறது. ஆனால் சில வண்டிகளில் இடப்பக்க இண்டிகேட்டருக்கு எரியும் விளக்கு வலப்பக்கத்துக்கு எரிவதில்லை. சிலவற்றில் நான்கு இண்டிகேட்டர்களும் சேர்ந்து மின்னத் தொடங்குகின்றன. கியரில் இருக்கும்போதே நியூட்ரல் விளக்கு மங்கலாக ஒளிர்வதும் உண்டு. எல்இடி மட்டமானது என்று உடனே முடிவுகட்டிவிடுகிறோம். உண்மையான காரணம் பழைய பல்பில் இருக்கிறது. அது வெளிச்சம் கொடுத்ததோடு, இரு திசையிலும் மின்னோட்டத்தை விடுகிற, சூட்டுக்கேற்ப மதிப்பு மாறுகிற ஒரு மின்தடையாகவும் அந்தச் சுற்றில் உழைத்துவந்தது. வயரிங்கை வடிவமைத்தவர்கள் அந்த உழைப்பைக் கணக்கில் வைத்தே கம்பிகளை இழுத்திருக்கிறார்கள்.

இழை பல்புக்குள் இருப்பது மயிரிழை போன்ற டங்ஸ்டன் சுருள். மின்னோட்டம் பாய்ந்ததும் அது 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடேறி ஒளிர்கிறது. டங்ஸ்டனின் உருகுநிலை 3,422 டிகிரி என்பதால் அந்தச் சூட்டிலும் உருகாமல் நிற்கிறது. உள்ளே போகும் மின்திறனில் மிகப் பெரும்பகுதி வெப்பமாகக் கழிந்து, சிறு பங்கு மட்டுமே கண்ணுக்குத் தெரியும் ஒளியாகிறது. 12 வோல்ட், 1.7 வாட் பல்பு ஒன்றில் ஓடும் மின்னோட்டம் ஏறத்தாழ 0.14 ஆம்பியர், எரியும்போது அதன் மின்தடை 85 ஓம் அளவில் இருக்கும். அதே இழை குளிர்ந்திருக்கும்போது மின்தடை பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிடும். குளிர்ந்த இழைக்கும் சூடான இழைக்கும் இடையிலான இந்த வேறுபாடு, இண்டிகேட்டர் விளக்கைப் பற்றிப் பேசும்போது மீண்டும் தேவைப்படும்.

இந்தப் பல்புகள் அடிக்கடி போவதற்கு அதிர்வே முதற்காரணம். ஒற்றை சிலிண்டர் என்ஜினின் உதறல் ஃபிரேம் வழியாக ஹேண்டில்பார் வரை ஏறுகிறது. பல மணி நேரம் எரிந்த டங்ஸ்டன் இழையிலோ படிகங்கள் பருத்து, அது எளிதில் முறியும் தன்மையை அடைந்துவிடுகிறது. எல்இடிக்குள் அறுந்துபோகத் தொங்கும் இழை எதுவும் இல்லை. டேஷ்போர்டில் எல்இடி போடுவதன் முதன்மையான பயன் இந்த நீண்ட ஆயுள்தான் என்பது என் கருத்து. மின்சேமிப்பும் இருக்கிறது, ஆனால் ஹெட்லைட் மட்டுமே 35 வாட் எடுக்கும் வண்டியில் ஒரு சிறு பல்புக்கு ஒன்றரை வாட் மிச்சமாவது பெரிய விஷயமில்லை.

எல்இடி என்பது ஒளி உமிழும் டையோடு. அதன் குறைகடத்திச் சந்தியில் எலக்ட்ரான் ஒன்று ஒரு காலி இடத்தில் விழும்போது, அந்த வீழ்ச்சியில் விடுபடும் ஆற்றல் ஒளித்துகளாக வெளிவருகிறது. எந்தப் பொருளால் சந்தி ஆனது என்பதே நிறத்தைத் தீர்மானிக்கிறது. கண்ணுக்குத் தெரியும் சிவப்பு எல்இடியை 1962-இல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் நிக் ஹோலன்யாக் செய்துகாட்டினார். பிரகாசமான நீலம் வர அதற்குப்பின் முப்பது ஆண்டுகள் ஆயின. அதைச் சாத்தியமாக்கிய ஜப்பானில் பிறந்த அகாசாகி, அமானோ, நாகமுரா ஆகிய மூவருக்கும் 2014-ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. நல்ல நீல எல்இடி இல்லாமல் எல்இடியில் ஹை பீம் விளக்கும் இல்லை, நீலச் சில்லின் மேல் மஞ்சள் ஒளிர்பொருளைப் பூசிச் செய்யப்படும் வெள்ளை எல்இடியும் இல்லை.

சிவப்பு எல்இடி ஏறத்தாழ 2 வோல்ட்டிலும், நீலமும் வெள்ளையும் 3 வோல்ட்டுக்குச் சற்று மேலும் ஒளிரும். அந்த எல்லையைத் தாண்டி மின்னழுத்தம் சிறிதளவு கூடினாலும் மின்னோட்டம் பன்மடங்காகிவிடும் என்பதால், எல்இடியை நேராகப் பேட்டரியில் இணைத்தால் நொடியில் கருகிவிடும். தொடரிணைப்பில் ஒரு மின்தடை இருந்தாக வேண்டும். அதன் மதிப்பைக் கணக்கிடும்போது பேட்டரி 12 வோல்ட் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது; என்ஜின் ஓடும்போது சுற்றில் 14.4 வோல்ட் வரை இருக்கும். அதிலிருந்து எல்இடியின் 2 வோல்ட்டைக் கழித்தால் 12.4, வேண்டிய மின்னோட்டம் 10 மில்லி ஆம்பியர் என்றால் மின்தடை 1,240 ஓம். கடையில் கிடைக்கும் 1.2 கிலோ ஓம், கால் வாட் மின்தடை இதற்குப் போதும். அந்தத் தடையில் வெப்பமாவது 0.13 வாட் அளவே. இன்றைய எல்இடிகள் மிகுந்த பிரகாசம் உடையவை என்பதால், இரவில் அதிகம் ஓட்டுபவர்கள் 4.7 கிலோ ஓம் போட்டு மின்னோட்டத்தை இரண்டரை மில்லி ஆம்பியருக்குக் குறைத்துக்கொண்டாலும் வெளிச்சம் குறைவாகத் தோன்றாது. டி5, டி10 என்ற பெயர்களில் ஹோல்டரில் நேராகச் செருகும்படி விற்கப்படும் 12 வோல்ட் எல்இடிகளுக்குள் இந்த மின்தடை ஏற்கெனவே இருக்கிறது. அந்த எண்கள் பல்பின் விட்டத்தை மில்லிமீட்டரில் குறிப்பவை.

டையோடு ஒரு திசையில் மட்டுமே மின்னோட்டத்தை விடும். ஆகவே செருகிய எல்இடி எரியவில்லை என்றால் அதை வெளியே எடுத்து, அரைச்சுற்றுத் திருப்பிச் செருகிப் பார்ப்பதே முதல் வேலை.

நிறத்தைத் தேர்ந்தெடுப்பதில் பலரும் சறுக்குகிறார்கள். இழை பல்பின் ஒளியில் சிவப்பும் மஞ்சளும் மிகுதி, நீலம் சொற்பம். அதனால்தான் பழைய வண்டிகளில் ஹை பீம் விளக்கு எப்போதும் மங்கலாக இருந்தது. அதே நீல மூடிக்குப் பின்னால் வெள்ளை எல்இடியைப் போட்டால் நிலைமை தலைகீழாகிறது. வெள்ளை எல்இடியின் ஒளியில் 450 நானோமீட்டரை ஒட்டி நீலம் உச்சத்தில் நிற்கிறது. இருட்டுக்குப் பழகிய கண்ணும் நீலத்தின் பக்கமே அதிகம் சாய்ந்திருக்கும். விளைவாக, தெருவிளக்கில்லாத சாலையில் அந்தச் சிறு புள்ளியே கண்ணைக் கூசவைக்கும். சிவப்பு மூடிக்குப் பின்னாலோ வெள்ளை எல்இடி சோர்ந்துவிடுகிறது, ஏனென்றால் அதன் ஒளியில் ஆழ்ந்த சிவப்பு குறைவு. ஆயில் அழுத்த எச்சரிக்கை போன்ற ஒரு விளக்கு வெளிறிப்போவது விரும்பத்தக்கதல்ல. சிவப்பு மூடிக்குச் சிவப்பு எல்இடி, பச்சைக்குப் பச்சை, நீலத்துக்கு அளவான மின்னோட்டத்தில் நீலம் என்று அந்தந்த நிறத்தையே போடுவது சரியானது. ஸ்பீடோமீட்டரின் பின்னொளிக்கு மட்டும் வெள்ளை பொருந்தும். அங்கேயும் ஒரு கவனம் வேண்டும்: இழை எல்லாப் பக்கமும் ஒளியை வீசும், அது உள்ளே பட்டுத் தெறித்து முகப்பு முழுவதும் பரவும், எல்இடியோ தன் முன்பக்கமே ஒளியை வீசும். பக்கவாட்டிலும் சில்லுகள் உள்ள வகையை வாங்காவிட்டால் ஓரிடத்தில் பளிச்சென்றும் மற்ற இடங்களில் இருட்டாகவும் முகப்பு தெரியும்.

இனி இண்டிகேட்டர் விளக்கு. இடத்துக்கும் வலத்துக்கும் தனித்தனி விளக்கு உள்ள வண்டிகளில் சிக்கல் இல்லை. இரண்டுக்கும் சேர்த்து ஒரே விளக்கு உள்ள வண்டிகளில் பலவற்றின் இணைப்பு முறை மிக நுட்பமானது. அந்த பல்பின் ஒரு முனை இடப்பக்க இண்டிகேட்டர் கம்பியிலும், மறுமுனை வலப்பக்கக் கம்பியிலும் இணைந்திருக்கும். எர்த் இணைப்பு அதற்குக் கிடையாது. இடப்பக்கம் போடும்போது மின்னோட்டம் டேஷ்போர்டு பல்பு வழியாகச் சென்று, அப்போது அணைந்திருக்கும் வலப்பக்க பல்புகளின் இழைகள் வழியாக எர்த்தை அடைகிறது. அப்படியானால் வலப்பக்க பல்புகளும் எரிய வேண்டாமா? இங்கேதான் குளிர்ந்த இழையின் குறைந்த மின்தடை உதவுகிறது. 10 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றின் மின்தடை எரியும்போது 14 ஓமுக்குச் சற்று மேல். குளிர்ந்திருக்கும்போது ஓர் ஓமை ஒட்டியே இருக்கும். முன்னும் பின்னும் உள்ள இரண்டு பல்புகள் பக்க இணைப்பில் இருப்பதால் மொத்தம் ஓர் ஓமுக்கும் குறைவு. அதற்கு முன்னால் 85 ஓம் டேஷ்போர்டு பல்பு நிற்கிறது. 12 வோல்ட்டில் ஏறக்குறைய முழுவதும் டேஷ்போர்டு பல்பின் மேலேயே விழ, வலப்பக்க பல்புகளுக்குக் கிடைப்பது பத்தில் ஒரு வோல்ட் மட்டும். அவை சூடேறக்கூட இல்லை. வலப்பக்கம் போட்டால் இதே பாதையில் மின்னோட்டம் எதிர்த்திசையில் ஓடுகிறது. ஒரு பல்பு, இரண்டு கம்பி, கூடுதலாக எந்தப் பாகமும் இல்லை. சிக்கனமான இந்த வடிவமைப்பு மதிக்கத்தக்கது.

இந்த இடத்தில் சாதாரண எல்இடியைச் செருகினால் ஒரு திசைக்கு மட்டுமே எரியும் என்பது இப்போது தெளிவாகும். உள்ளேயே நான்கு டையோடுகளால் ஆன பாலச் சுற்று உள்ள எல்இடிகள் எப்படிச் செருகினாலும் எரியும்; வெளியே உள்ள நான்கு இண்டிகேட்டர்களும் இழை பல்புகளாகவே இருந்தால் அதுவே போதும். வெளி பல்புகளை எல்இடியாக்கி, டேஷ்போர்டில் மட்டும் பழைய பல்பை விட்டுவைத்தால் வேறொரு கோளாறு பிறக்கும். அப்போது ஓடும் மின்னோட்டம் குறைவு என்பதால் டேஷ்போர்டு இழை சூடாவதில்லை, அதன் மின்தடையும் சில ஓம்களிலேயே நிற்கிறது. மின்னழுத்தம் ஏறத்தாழ முழுதாக எதிர்ப்பக்க எல்இடிகளுக்குப் போய்விடும். இடத்துக்குச் சுவிட்சைத் தள்ளினால் நான்கும் மின்னும். பின்னால் வருபவருக்கு நாம் எந்தப் பக்கம் திரும்பப்போகிறோம் என்பதே தெரியாது.

இதற்குத் தீர்வு இரண்டு டையோடுகள். 1என்4007 என்ற எண்ணுள்ள டையோடு ஓர் ஆம்பியர் தாங்கும், மிக மலிவானது, எந்த எலக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும். இடப்பக்கக் கம்பியில் ஒன்றும் வலப்பக்கக் கம்பியில் ஒன்றுமாக, வெள்ளிக்கோடு உள்ள முனை எல்இடியை நோக்கி இருக்கும்படி இணைத்து, அந்த இரு முனைகளையும் ஒன்றுசேர்த்து எல்இடியின் நேர்முனையில் கொடுக்க வேண்டும். எதிர்முனைக்குத் தனியாக ஓர் எர்த் கம்பி இழுக்க வேண்டும். எந்தப் பக்கத்திலிருந்து மின்சாரம் வந்தாலும் எல்இடி எரியும்; ஒரு பக்கத்து மின்சாரம் மறுபக்கத்துக்குத் தாவ முடியாது. ஒவ்வொரு டையோடும் 0.7 வோல்ட் அளவுக்கு எடுத்துக்கொள்வது கண்ணுக்குத் தெரியாது. நான்கு இண்டிகேட்டர்களையும் ஒன்றாக மின்னவைக்கும் ஹசார்டு சுவிட்ச் உள்ள வண்டிகளில் இன்னொரு நன்மையும் கிடைக்கிறது: பழைய இணைப்பில் இரு முனையிலும் ஒரே மின்னழுத்தம் வருவதால் டேஷ்போர்டு விளக்கு எரியாமல் இருந்தது, புதிய இணைப்பில் அதுவும் சேர்ந்து மின்னும்.

இண்டிகேட்டர்களை விட்டுவிட்டு எரியவைக்கும் ஃபிளாஷர் பற்றிக் கவலை டேஷ்போர்டு விளக்கை மட்டும் மாற்றுபவர்களுக்கு வேண்டியதில்லை. இருபது வாட்டுக்கு மேல் இழுக்கும் சுற்றில் ஒன்றரை வாட் குறைவது அதன் வேகத்தைக் குறிப்பிடும்படி பாதிக்காது. வெளி பல்புகளையும் மாற்றினால், சுமையைச் சாராத எலக்ட்ரானிக் ஃபிளாஷரைப் போட்டாக வேண்டும்.

ஹை பீம் விளக்கில் வேறொரு மறைவான விஷயம் உண்டு. பழைய சிறிய வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்குப் பேட்டரியிலிருந்து மின்சாரம் போவதில்லை. என்ஜினோடு சுழன்று மின்சாரம் தரும் மேக்னெட்டோவிலிருந்து மாறுதிசை மின்னோட்டமாக நேரே வருகிறது. ஹை பீம் விளக்கும், சில வண்டிகளில் ஸ்பீடோமீட்டர் பின்னொளியும் அதே கம்பியிலிருந்து கிளை பிரிந்தவை. இழைக்கு மின்னோட்டம் எத்திசையில் வந்தாலும் ஒன்றுதான். அதன் சூடு உடனே தணியாது என்பதால் ஒளியும் சீராகத் தெரியும். எல்இடிகள் பொதுவாக 5 வோல்ட் வரையே எதிர்த்திசை மின்னழுத்தத்தைத் தாங்கும். ஒவ்வொரு சுழற்சியிலும் அதைவிட மிகுதியாக அடி வாங்கினால் சில வாரங்களில் மங்கிச் சாகும். தொடரில் ஒரு 1என்4007 சேர்த்தால் அந்த அடி தடுக்கப்படும். என்ஜின் மெதுவாகச் சுற்றும்போது தெரியும் நடுக்கத்தையும் போக்க வேண்டுமானால் பாலச் சுற்றும் சிறிய மின்தேக்கி ஒன்றும் சேர்க்க வேண்டும். எந்த வகைச் சுற்று என்பதை மல்டிமீட்டர் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடும்.

நியூட்ரல் விளக்குக்கு நேர்முனை மின்சாரம் எப்போதும் வந்துகொண்டிருக்கும். கியர்பாக்ஸில் உள்ள சுவிட்ச் அதை எர்த்துடன் இணைக்கும்போது எரியும். சுவிட்சின் மேல் எண்ணெயும் சேறும் ஈரமும் படிந்தால் அரை மில்லி ஆம்பியர் அளவுக்குக் கசிவு ஏற்படலாம். இழை அதைப் பொருட்படுத்தாது, எல்இடியோ அதற்கே ஒளிரும். இதை அலட்சியப்படுத்தக் கூடாது. வண்டி கியரில் இருக்க, பச்சை விளக்கை நம்பி கிளட்சை விட்டால் வண்டி முன்னே பாய்ந்துவிடும். சுவிட்சைச் சுத்தம் செய்த பிறகும் மங்கலொளி இருந்தால், எல்இடிக்குப் பக்க இணைப்பில் 1 கிலோ ஓம், அரை வாட் மின்தடை ஒன்றைச் சேர்க்கலாம். அரை மில்லி ஆம்பியர் கசிவு அந்தத் தடையில் அரை வோல்ட்டை மட்டுமே உண்டாக்கும். எந்த நிற எல்இடிக்கும் அது போதாது.

பேட்டரி சார்ஜ் விளக்கு உள்ள வண்டிகளில் மிகுந்த எச்சரிக்கை தேவை. நம் சாலைகளில் ஓடும் பெரும்பாலான வண்டிகளில், மின்சாரத்தை உற்பத்தி செய்யும் ஆல்டர்னேட்டரில் நிரந்தரக் காந்தம் இருப்பதால் இந்தக் கவலை இல்லை. 1970களிலும் 1980களிலும் வந்த பி.எம்.டபிள்யூ ஆர் 75, ஆர் 80, ஆர் 100 போன்ற காற்றால் குளிரும் இரட்டை சிலிண்டர் வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் சுழலி ஒரு மின்காந்தம். மின்சாரம் உற்பத்தியாவதற்கு முன்னால் அதற்குக் காந்தத்தன்மையை ஊட்ட ஒரு தொடக்க மின்னோட்டம் வேண்டும். அது சார்ஜ் விளக்கின் இழை வழியாகவே வருகிறது. 12 வோல்ட், 3 வாட் பல்பு கால் ஆம்பியர் விடும். பத்து மில்லி ஆம்பியர் எல்இடியைப் போட்டால் சுழலி போதிய அளவு காந்தமாகாது, பேட்டரியும் சார்ஜ் ஆகாது. எல்இடியே வேண்டும் என்பவர்கள் அதற்குப் பக்க இணைப்பில் 47 ஓம், 5 வாட் மின்தடையைப் போட வேண்டும். சாவியைத் திருகி என்ஜினை இயக்காமல் வைத்திருந்தால் அந்தத் தடையில் மூன்று வாட்டை ஒட்டிய வெப்பம் உண்டாகும் என்பதால், அதை டேஷ்போர்டின் பிளாஸ்டிக்கைத் தொடாமல் உலோகப் பகுதியில் பொருத்த வேண்டும். இத்தனை ஏற்பாடும் செய்த பின் மிச்சமாகும் மின்சாரம் ஏதுமில்லை. அந்த ஓர் இடத்தில் மட்டும் இழை பல்பையே விட்டுவைத்து, உதிரி ஒன்றைக் கருவிப் பெட்டியில் வைத்துக்கொள்வதை நான் பரிந்துரைப்பேன்.