மல்லியன்: சாளரத்தின் இடைக்கால்

ஒரு சாளரத்தை இரண்டு மூன்று கண்களாகப் பிரித்து, அடிப்படியிலிருந்து மேல்கல் வரை நெட்டுக்குத்தாக நிற்கும் கால்தான் மல்லியன். இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில் உள்ள சிறிய மேனர் வீடுகளில், அதாவது நிலக்கிழார்களின் பழைய வீடுகளில், இதைக் கல்லிலோ ஓக் மரத்திலோ செய்திருப்பார்கள். சுவரை ஒட்டி இரு ஓரங்களிலும் நிற்பவை மல்லியன் அல்ல, அவை நிலைக்கால்கள். கண்ணாடிச் சில்லுகளைக் கோக்கும் ஈயப் பட்டையையும் மல்லியன் என்று சிலர் எழுதுகிறார்கள், அதுவும் தவறு. பட்டை கண்ணாடியைப் பிடிக்கிறது, மல்லியன் மேலே கிடக்கும் கல்லைத் தாங்குகிறது. கல் அழுத்தத்துக்கு அஞ்சாது, வளைவுக்குத்தான் விரிசல் விடும். ஆறடித் திறப்பின் மேல் ஒரே கல்லைக் கிடத்தினால் நடுவில் கீறல் விழும். ஏறத்தாழ ஒன்றரை அடிக்கு ஒரு கால் கொடுத்தால் அதே கல் நூற்றாண்டுக் கணக்கில் கிடக்கும். ஈயத்தில் கோத்த கண்ணாடியும் அதற்கு மேல் அகலமானால் தொய்ந்துவிடும் என்பதால் இரண்டு தேவைக்கும் ஒரே அளவு ஒத்துப்போனது.

சொல்லின் வேர் லத்தீன். நடுவில் உள்ளது என்னும் பொருள்கொண்ட ‘மீடியானுஸ்’ பழைய பிரெஞ்சில் ‘மொயெனெல்’ ஆகி, ஆங்கிலத்துக்குள் ‘மொய்னியல்’ என நுழைந்தது. 16ஆம் நூற்றாண்டில் னகரமும் லகரமும் இடம் மாறி ‘மல்லியன்’ ஆயிற்று. தசை சதையானதும் ஞிமிறு மிஞிறானதும் இதே வழியில்தான். பிரெஞ்சுக்காரர்கள் எழுத்தை இடம் மாற்றாமல் இன்றும் ‘மெனோ’ என்கிறார்கள்.

கண்ணாடி எட்டாத விலையில் இருந்த காலத்து மரவீடுகளில் சதுர ஓக் சட்டங்களை மூலை முன்னே வரும்படி திருப்பி வரிசையாகச் செருகினார்கள். காற்றும் வெளிச்சமும் உள்ளே வரும், ஆள் நுழைய முடியாது. குளிருக்கு உட்புறம் பலகைக் கதவு. வில்ட்ஷயரில் 1465 முதல் 1480 வரை கட்டிய கிரேட் சால்ஃபீல்ட் மேனர், ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில் 1600 வாக்கில் கட்டிய கெம்ஸ்காட் மேனர் போன்ற கல் வீடுகளில் மல்லியனும் கல்லே. அதன் விளிம்பைச் செதுக்கிய விதம் காலத்தைக் கணிக்க உதவும். உட்குழிவாக இருந்தால் பெரும்பாலும் 15ஆம் நூற்றாண்டோ 16ஆம் நூற்றாண்டின் முற்பகுதியோ. கால்வட்டமாகப் புடைத்திருந்தால் 16ஆம் நூற்றாண்டின் கடைசியும் 17ஆம் நூற்றாண்டும். தட்டையான முகம் அதற்கும் பிந்தியது. மூலையை வெறுமனே சரித்துச் சீவியதை மட்டும் நம்பி ஆண்டு சொல்லக் கூடாது, எளிய வீடுகளில் அது எல்லாக் காலத்திலும் உண்டு.

கண்ணாடியைப் பொருத்தும் முறையைக் கிட்டத்தில் பார்த்தால் கொத்தனின் கணக்கு புரியும். மல்லியனின் பக்கத்தில் ஒரு காடி, அதாவது நீளமாக வெட்டிய பள்ளம், எதிரே உள்ள காலில் இன்னொரு காடி. ஒன்று மற்றதைவிட ஆழம். ஈயச் சட்டகத்தை ஆழமான காடிக்குள் முழுக்கத் தள்ளி, பிறகு எதிர்ப்பக்கம் நகர்த்தி உட்காரவைத்து, இடுக்கைச் சுண்ணாம்புச் சாந்தால் அடைப்பார்கள். காற்றில் வளையாமலிருக்கக் கல்லில் பதித்த இரும்புக் குறுக்குக் கம்பியோடு, ஈயத்தில் பற்றவைத்த செம்புக் கம்பியை முறுக்கிக் கட்டுவார்கள்.

கேடு தொடங்குவதும் அந்த இரும்பில்தான். துரு, தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். கம்பி முனை பதிந்த இடத்தில் மல்லியன் நெடுகப் பிளந்து சில்லாகத் தெறிக்கும். துருப்பிடித்த முனையை வெட்டியெடுத்து வெண்கலத்திலோ துருப்பிடிக்காத எஃகிலோ புது முனை வைப்பதே மருந்து. இரும்பை அப்படியே விட்டு வெடிப்பைப் பூசி மூடினால் மறுபடியும் வெடிக்கும். சிமென்ட் வைத்து இடுக்கடைப்பது அடுத்த வினை. இணைப்பு வழியாக ஈரம் வெளியேற முடியாமல் கல் வழியாக வெளியேறும், போகும்போது உப்பைக் கல்லின் மேற்பரப்பில் படியவிடும். சில ஆண்டுகளில் சிமென்ட் துருத்தி நிற்க, பக்கத்துக் கல் உதிர்ந்து பள்ளமாகும். புதிய கல் வைக்க நேர்ந்தால் அதன் படிவு அடுக்குகள் வெளிமுகத்துக்கு இணையாக நிற்கக் கூடாது, முகம் ஏடு ஏடாக உரியும். முழுக் கல்லையும் மாற்றாமல் கெட்ட பகுதியை மட்டும் வெட்டி ஒட்டுவதுதான் எங்கள் பரிந்துரை. கெம்ஸ்காட்டை 1871இல் வாடகைக்கு எடுத்த கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மாரிஸ், 1877இல் பழங்கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தைத் தொடங்கியதே பழுதுபார்ப்பதற்குப் பதிலாகப் பழையதை இடித்துப் ‘புதுப்பிக்கும்’ போக்கை எதிர்த்துத்தான்.

தமிழில் இதைத் ‘தூண்’ என்பது பொருந்தாது, தூண் தனித்து நின்று கூரை தாங்கும். ‘நடுக்கால்’ வேர்ப்பொருளுக்கு நெருக்கம். ஆனால் மூன்று கண் சாளரத்தில் இரண்டு மல்லியன்கள், இரண்டுமே நடுவில் இல்லை! ‘இடைக்கால்’ என்பதே சரி. நிலைக்காலோடும் இனமாக நிற்கும். இடைக்கால வீடு என்று எழுதும் கட்டுரையில் குழப்பம் வருமானால் ‘சாளர இடைக்கால்’ எனலாம். ஆறு, எட்டுக் கண்கள் கொண்ட நீளச் சாளரத்தில் நடுவே ஒன்று மட்டும் பருமனாக இருக்கும், ஆங்கிலத்தில் ‘கிங் மல்லியன்’. நடுக்கால் என்ற பெயரை அதற்கு ஒதுக்கிவிடலாம். இரண்டு கால்களுக்கு இடைப்பட்ட திறப்பைக் ‘கண்’ என்பதற்குப் பலகணி என்ற சொல்லே சான்று. அப்படியானால் கெம்ஸ்காட் போன்ற வீடுகளில் இருப்பவை இருகண், முக்கண் சாளரங்கள். காலைக் குறுக்காக வெட்டிச் செல்லும் ‘டிரான்சம்’ குறுக்குக்கல், மரமானால் குறுக்குச்சட்டம்.

17ஆம் நூற்றாண்டின் கடைசியில் மேலும் கீழும் நகரும் மரச் சாளரம் வந்ததும் பல வீடுகளில் இடைக்கால்களை வெட்டியெறிந்தார்கள். 1696 முதல் 1851 வரை இருந்த சாளர வரிக்குப் பயந்து சில கண்களைக் கல்வைத்து அடைத்தவர்களும் உண்டு. அடிப்படியிலும் மேல்கல்லின் அடியிலும் செதுக்கித் தேய்த்த அடிக்கட்டை, நிலைக்காலில் எதற்கும் பயன்படாத கண்ணாடிக் காடி, சாளரத்தைவிட இரு மடங்கு நீண்டு கிடக்கும் மழைநீர் ஒதுக்கும் கல்விளிம்பு: இந்த மூன்றில் இரண்டு தெரிந்தாலே அங்கே இடைக்கால் நின்றிருந்தது என்று சொல்லிவிடலாம்.