தத்துப் பிள்ளையின் வயதை எங்கிருந்து எண்ணுவது?

தத்தெடுத்த குழந்தையோடு என்னிடம் வரும் பெற்றோர் பெரும்பாலும் வயதைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். "மூணு வயசாகுது, இன்னும் ஒரு வார்த்தை வரலையே." "ரெண்டரை வயசு முடியப் போகுது, படியேற மாட்டேங்குதே." ராமநாதபுரத்தில் வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளோடு வேலை செய்யும் இயன்முறை மருத்துவர் நான். தொண்டி, பாம்பன், தங்கச்சிமடம், கீழக்கரை, சாயல்குடி என்று கடலோர ஊர்கள் எல்லாவற்றிலிருந்தும் வருவார்கள். துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்த்துக்கொண்டு இந்தியாவில் பிள்ளை எடுத்தவர்களும், லீவுக்கு ஊருக்கு வரும்போது காட்டிவிட்டுப் போவார்கள். எல்லாரிடமும் நான் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "உங்க வீட்டுக்கு வந்து எத்தனை மாசம் ஆச்சு?"

காரணம் இருக்கிறது. தத்துக்கு முன் குழந்தைகள் இல்லத்தில் வளரும் குழந்தைக்குப் பாலும் துணியும் மருந்தும் நேரத்துக்குக் கிடைக்கலாம். ஆனால் ஒரு ஆயாம்மா பல தொட்டில்களைப் பார்க்க வேண்டியிருக்கும் இடத்தில், அழுதவுடன் யாரும் ஓடிவர முடியாது. குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டவும், வாயைப் பார்த்து 'ம்மா', 'ப்பா' சொல்லவும் ஆளுக்கு நேரம் இருக்காது. இல்லத்தில் கழியும் ஒவ்வொரு 3 மாதத்துக்கும் சுமார் 1 மாத உயர வளர்ச்சி பின்தங்கும் என்பது தத்துக் குழந்தைகளைப் பார்க்கும் மருத்துவர்களிடையே வெகுகாலமாகப் புழங்கும் கணக்கு. உடம்பே இப்படிப் பின்தங்கும்போது பேச்சும் விளையாட்டும் பின்தங்குவதில் வியப்பில்லை.

ருமேனியாவின் புக்காரெஸ்ட் நகரில் 2000-ல் தொடங்கிய ஆய்வை இங்கே சொல்லியாக வேண்டும். இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளில் ஒரு பாதியை வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பி, மற்ற பாதியோடு ஒப்பிட்டு ஆண்டுக்கணக்கில் கவனித்தார்கள். குடும்பத்துக்குப் போன குழந்தைகள் அறிவிலும் பாசப் பிணைப்பிலும் முன்னேறினார்கள். சுமார் 2 வயதுக்குள் போனவர்களுக்கு அந்தப் பலன் கூடுதலாக இருந்தது. ஆகவே குடும்பம் என்பதே பெரிய சிகிச்சை. ஆனால் அது பலன் தர மாதங்கள் ஆகும். நம் பெற்றோர் அந்த மாதங்களைத்தான் பொறுக்க மாட்டேன் என்கிறார்கள்.

பொறுக்கக் கூடாத விஷயமும் ஒன்று உண்டு, அது பரிசோதனை. 'கொஞ்ச நாள் போகட்டும், வீட்டுச் சாப்பாடு சாப்பிட்டா சரியாயிடும்' என்று காது பரிசோதனையைத் தள்ளிப் போடுகிறவர்களை நினைத்தால் எனக்கு மனசு கேட்காது. காது கேட்காத குழந்தைக்கு ஒவ்வொரு மாதமும் நஷ்டம். பிள்ளை வந்த சில வாரங்களுக்குள் இவற்றைப் பார்த்துவிடுங்கள்: பெரா (ஒலிக்குக் காது நரம்பும் மூளையும் தரும் பதிலை அளக்கும் சோதனை) உள்ளிட்ட செவித்திறன் சோதனை, கண் (குறைமாதக் குழந்தை என்றால் விழித்திரையும்), தைராய்டு, ரத்தசோகை, குடற்புழு, காசநோய், மஞ்சள் காமாலை பி, எச்.ஐ.வி. இல்லத்தில் பார்த்த ரிப்போர்ட் இருந்தாலும் மறுபடி பாருங்கள். தலைச் சுற்றளவை டேப் வைத்து மாதாமாதம் எழுதி வையுங்கள். ஒரு பக்கக் கையை மட்டும் இறுக்கி வைத்திருப்பது, வலிப்பு, நேற்று செய்ததை இன்று மறப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். அப்புறம், வீட்டுக்கு வந்து ஆறு மாதம் ஆகியும் எடையிலும் விளையாட்டிலும் முகம் பார்ப்பதிலும் அசைவே இல்லையென்றால், இல்ல வாழ்க்கை மேல் மட்டும் பழியைப் போடாதீர்கள். மூளை முடக்குவாதமோ ஆட்டிசமோ இருக்கலாம், முறையாகப் பார்க்க வேண்டும். மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு சேவை மையத்தில் இதைக் கட்டணமில்லாமல் செய்கிறார்கள்.

ஏர்வாடி தர்காவுக்குக் கூட்டிப் போவதையும், அக்னி தீர்த்தத்தில் முழுக்காட்டுவதையும் நான் தடுப்பதில்லை. வேண்டுதல் வீட்டாருக்குப் பெரிய பலம். ஆனால் வலிப்பு மாத்திரையை நிறுத்திவிட்டுப் போகாதீர்கள்.

சரி, பிள்ளையிடம் எங்கே நிதானம் வேண்டும்? பாம்பன் பக்கத்துக் குடும்பம் ஒன்றைச் சொல்கிறேன். பையனுக்கு இரண்டரை வயது, வந்து சில வாரம்தான். வீட்டு டைல்ஸ் தரையில் நடக்கிறான். கடற்கரையில் இறக்கிவிட்டால் இரண்டு காலையும் வயிற்றோடு மடக்கிக்கொண்டு அப்பாவின் கழுத்தில் தொங்குகிறான். "கால்ல பலம் இல்ல போல, எண்ணெய் தேய்க்கவா?" என்று அப்பத்தா கேட்டார். தசையையும் மூட்டையும் சோதித்தேன், ஒரு குறையும் இல்லை. அந்தப் பிள்ளை அதுவரை மண்ணை மிதித்ததே இல்லை. கால் விரலுக்கு நடுவே நழுவும் மணல் அவனுக்கு அச்சம் தருகிற புதுப் பொருள்.

அப்பா விசைப்படகில் போகிறவர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், வீட்டில்தான் இருந்தார். பயிற்சியை அவரிடமே கொடுத்தேன். சாயங்காலம் வெயில் தணிந்ததும் வடகடல் பக்கம் காய்ந்த மணலில் உட்கார வேண்டும், மகன் மடியில் இருப்பான். அப்பா தன் காலை மணலுக்குள் புதைத்து, விரலை மட்டும் வெளியே ஆட்ட வேண்டும். பிள்ளையின் காலைப் பிடித்து மணலில் வைக்கவே கூடாது, இதுதான் கண்டிப்பான விதி. முதலில் அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் அப்பாவின் விரலைத் தோண்டி எடுக்கக் கையை நீட்டினான். கை பழகிய பிறகு குதிகால், பிறகு பாதம். தடைக்காலம் முடிவதற்குள் ஈர மணலில் நண்டு வளையைத் தேடி ஓடினான். மணலைப் பழகியதைவிட, பயம் வந்தால் அப்பாவின் மடிக்குத் திரும்பலாம் என்று அவன் பழகியதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

சாப்பாட்டிலும் இதே கதைதான். வெகுநாள் பாட்டில் பாலும் கரைத்த கஞ்சியுமாக இருந்த குழந்தைக்கு மெல்லத் தெரியாது. சோற்றை வாயில் அடக்கி வைத்துக்கொண்டே இருக்கும், இல்லையென்றால் துப்பும். அடம் என்று நினைத்து மூக்கைப் பிடித்து ஊட்டாதீர்கள். கஞ்சியிலிருந்து குழைந்த சோறு, அதிலிருந்து பாலில் ஊறிய இடியாப்பம், பிறகு முள் எடுத்து உதிர்த்த பாறை மீன் என்று ஒவ்வொரு படியாகப் போகலாம். சில பிள்ளைகள் தலையணைக்கு அடியில் பிஸ்கட்டை ஒளித்து வைப்பார்கள். திருட்டுப் புத்தி என்று ஒரு சொல்கூட வேண்டாம். கைக்கெட்டும் உயரத்தில் ஒரு டப்பாவில் எப்போதும் தின்பண்டம் வைத்து, அது அவனுக்குத்தான் என்று சொல்லிவிடுங்கள். காலி ஆகாத டப்பாவைப் பல வாரம் பார்த்த பிறகு ஒளிப்பது குறையும்.

நம் ஊரில் நான் அதிகம் போராட வேண்டியிருப்பது சொந்தக்காரர்களோடு. பிள்ளை வந்த அன்றைக்கே தெருவே திரண்டு வந்து ஆளுக்கு ஒரு தரம் தூக்கும். பிள்ளையும் சிரித்துக்கொண்டே எல்லாரிடமும் போகும். "யாருட்டயும் அழாமப் போகுது, தங்கமான புள்ள" என்று மெச்சுவார்கள். எனக்கு அதுதான் கவலை. எல்லாரையும் ஒன்றாகப் பாவிக்கும் பிள்ளைக்கு, 'இவங்க என் ஆளு' என்று யாரும் இன்னும் ஆகவில்லை. ராமேஸ்வரம் மாதிரி யாத்திரிகர் கூட்டம் நெரியும் ஊரில் அது முன்பின் தெரியாதவர் கையைப் பிடித்துக்கொண்டு நடந்துவிடும். கடலும் பக்கத்தில். விழுந்தாலும் அழாத பிள்ளையும், தூங்கத் தன்னைத்தானே முன்னும் பின்னும் ஆட்டிக்கொள்ளும் பிள்ளையும் இப்படித்தான்: அழுதால் ஆள் வரும் என்ற அனுபவம் அவர்களுக்கு இல்லை.

அதனால் முதல் சில மாதம் ஊட்டுவது, குளிப்பாட்டுவது, தூங்க வைப்பது மூன்றையும் அம்மாவும் அப்பாவும் மட்டும் செய்யுங்கள். அப்பத்தாவும் அம்மாச்சியும் பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லட்டும், பாடட்டும். கீழக்கரையில் ஒரு பாட்டிக்கு இது பெரிய மனவருத்தம், "என் பேத்திய நான் தூக்கக் கூடாதா?" என்றார். அவர் வருத்தம் நியாயமானது. சில மாதம் கழித்து அந்தக் குழந்தை வேற்று ஆள் தூக்கினால் வீறிட்டு அழுது உம்மாவிடம் தாவ ஆரம்பித்தது. வீட்டார் பயந்துபோய் போன் செய்தார்கள். மகிழ்ச்சியான செய்தி என்று சொன்னேன். அடுத்து பாட்டியிடமும் அப்படியே ஒட்டிக்கொண்டது.

வெளிநாட்டில் வாழும் குடும்பங்களுக்குப் பேச்சு ஒரு தனிச் சிக்கல். ஒடியாவோ இந்தியோ கேட்டு வளர்ந்த குழந்தை தமிழ் வீட்டுக்கு வருகிறது. சில மாதத்தில் விமானம் ஏறி, ஆங்கில நர்சரியில் உட்காருகிறது. பிறகு பேச்சு வரவில்லை என்றால் எதைக் காரணம் சொல்வது? இல்லத்தில் அதன் மொழியில் எத்தனை சொல் பேசியது என்று, கூட்டி வரும் அன்றைக்கே ஆயாம்மாவிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முடிந்தால் போனில் பதிவு செய்யுங்கள். பிறகு கேட்டாலும் தெரியாது, ஏனென்றால் பழைய மொழி மிக வேகமாகப் போய்விடும். கொரியாவில் பிறந்து 3 முதல் 8 வயதுக்குள் பிரான்சுக்குத் தத்துப் போனவர்களைப் பெரியவர்களான பின் சோதித்தபோது, கொரிய மொழியை மற்ற அந்நிய மொழிகளிலிருந்து பிரித்தறியவே அவர்களால் முடியவில்லை என்று 2003-ல் வந்த ஆய்வு காட்டியது. ஆகவே பழையது போய்ப் புதியது வரும் இடைவெளியில் பிள்ளை ஊமையாக நிற்பது நடக்கக்கூடியதுதான். அப்போது நான் பார்ப்பது சொல்லை அல்ல: விரலால் காட்டுகிறதா, நாம் காட்டும் பக்கம் திரும்புகிறதா, செய்வதைப் பார்த்துச் செய்கிறதா. இவை இருந்தால் பேச்சு வரும் என்று நம்பிக் காத்திருக்கலாம். இல்லையென்றால் காத்திருக்கக் கூடாது. வீட்டில் ஒரே மொழி பேசுங்கள், உங்களுக்கு மனசிலிருந்து வரும் மொழி. தமிழ் என்றால் தமிழ்தான்.

பெண் குழந்தையை எடுத்தவர்கள் இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும். ஊட்டமில்லாமல் இருந்துவிட்டு வேகமாக எடை கூடும் சில பெண் குழந்தைகள் சீக்கிரமே பருவமடைகிறார்கள். ஸ்வீடனுக்குத் தத்துப் போன இந்தியப் பெண்களைப் பற்றி 1991-ல் வெளியான ஆய்வில் பாதிப் பேர் 11.6 வயதுக்குள் பூப்பெய்தியிருந்தார்கள், சிலர் அதைவிட மிக முன்னதாக. ஏழு, எட்டு வயதில் மார்பு வளர்ச்சி தெரிந்தால் குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். வளர்ச்சித் தாமதம் உள்ள பெண் என்றால் அவளைத் தயார்படுத்தவே கூடுதல் காலம் வேண்டும்.

சட்டப் பக்கத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காரா எனப்படும் மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளம் வழியாகத்தான் இல்லக் குழந்தையைத் தத்தெடுக்க முடியும். சிறார் நீதிச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு மாவட்ட ஆட்சியரே ஆணை தருகிறார். எந்த மதத்தவரும் இந்தச் சட்டத்தின்கீழ் எடுக்கலாம் என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. கீழக்கரை, தொண்டிப் பக்கம் இந்தச் சந்தேகத்தை இன்னும் கேட்கிறார்கள். ஆஸ்பத்திரியிலோ தெரிந்தவரிடமோ நேரடியாகப் பிள்ளை வாங்குவது குற்றம். தத்துக்குப் பின் இரண்டு ஆண்டுகள் ஆறு மாதத்துக்கு ஒரு முறை சமூகப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்து பார்ப்பார்கள். வெளிநாட்டுக்குப் போன குழந்தை என்றால் முதல் ஆண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. இவர்களைச் சோதனை போட வரும் அதிகாரிகளாக நினைத்து, எல்லாம் நன்றாயிருக்கிறது என்று சொல்லி அனுப்பாதீர்கள். கஷ்டத்தைச் சொல்லக் கிடைக்கும் நல்ல இடம் அதுதான்.

குறைபாடு உறுதியானால் மாற்றுத்திறனாளிகளுக்கான தனித்துவ அடையாள அட்டையை உடனே எடுங்கள். அறிவுசார் குறைபாடோ கடும் பாதிப்போ உள்ளவர்களுக்குத் தமிழக அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகை தருகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம் போன்றவற்றுக்கு நிராமயா என்ற மத்திய அரசின் மருத்துவக் காப்பீட்டில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உண்டு. 'தத்துப் பிள்ளைக்கு அட்டை எதுக்கு, ஊர் பேசும்' என்று தயங்குகிறார்கள். ஊர் எப்படியும் பேசும். தத்து என்பதையும் குழந்தைக்கு நீங்கள்தான் முதலில் சொல்ல வேண்டும், சின்ன வயதிலேயே, கதையாக. தெருவில் யாரோ சொல்லித் தெரியக் கூடாது.

"இவ்வளவு கஷ்டம்னு தெரிஞ்சிருந்தா எடுத்திருக்க மாட்டோம்" என்று சிலர் என்னிடம் அழுதிருக்கிறார்கள். நான் அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் திருப்பி விடுவதைப் பற்றி ஒரு வார்த்தை பேசும் முன், குழந்தைகள் பாதுகாப்பு அலகிலும் பயிற்சியாளரிடமும் பேசுங்கள். பெற்ற பிள்ளைக்கு இதே தாமதம் இருந்தால் எத்தனை வருஷம் பார்த்திருப்பீர்களோ, அத்தனை வருஷம் இந்தப் பிள்ளைக்கும் உரிமையானது. இரண்டாம் முறை விடப்படும் குழந்தையிடம் நம்பிக்கையை மறுபடி ஊன்றுவது எவ்வளவு கடினம் என்று பார்த்தவள் என்பதால் கெஞ்சியே கேட்கிறேன்.

என்னிடம் முதல் முறை வரும்போது தத்து மையத்தில் கொடுத்த மருத்துவ அறிக்கையையும் குழந்தை ஆய்வறிக்கையையும் முழுசாகக் கொண்டு வாருங்கள், சுருக்கம் போதாது. கண்டெடுத்த குழந்தை என்றால் பிறந்த தேதி மருத்துவர் மதிப்பிட்டதாகத்தான் இருக்கும், அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். குழந்தை வழக்கமாகச் சாப்பிடும் கிண்ணம், பிடித்த ஒரு பொருள், வீட்டில் எடுத்த சின்ன வீடியோ இரண்டு மூன்று, இவையும் வேண்டும். பசி நேரத்திலும் தூக்க நேரத்திலும் வராதீர்கள். அப்பாவும் கட்டாயம் வர வேண்டும்.