கல்லுக்குள் இடக்கையும் வலக்கையும்

மஸ்கெலியாவிலிருந்து ஒரு மாணவி எழுதியிருக்கிறார்: "பிரளயத்தில் மிதந்த குடத்துக்குள் உயிர்வித்து இருந்தது, அது கும்பகோணத்தில் ஒதுங்கியது என்று அப்பாயி சொல்வார். விண்கல்லில் உயிரின் மூலப்பொருள் வந்தது என்று படிக்கிறேன். இரண்டும் ஒன்றா?"

ஒன்றல்ல. ஆனால் அப்பாயியின் கதையை விட்டுவிடாதீர்கள். நீங்கள் அண்ணாந்து பார்க்கும் சிவனொளிபாதமலையின் ஒரே சுவட்டைச் சிவனுடையது, புத்தருடையது, ஆதமுடையது என்று மூன்று மரபுகள் வணங்குகின்றன. பௌத்தர்களின் 'அக்கஞ்ஞ சுத்தம்' என்னும் பாளி நூலில், ஒளியுடல் கொண்டவர்கள் மண்ணின் சுவையை உண்டு உண்டு உடல் தடித்து மனிதராகிறார்கள். என்ன அழகான கற்பனை!

விண்கல்லுக்கு வருவோம். 1969 செப்டம்பர் 28 அன்று அவுஸ்திரேலியாவின் மேர்ச்சிசன் ஊரருகே ஒன்று சிதறி விழுந்தது. அதை நாசாவில் ஆராய்ந்தவர்களுள் ஒருவர், காலியில் பிறந்த சிரில் பொன்னம்பெரும. பின்னாளில் கண்டியிலுள்ள அடிப்படை ஆய்வு நிறுவகத்துக்கும் அவர் பணிப்பாளராக இருந்தார். உயிர்கள் புரதம் கட்டப் பயன்படுத்தும் மூலக்கூறு வகையான அமினோ அமிலங்கள் கல்லில் கிடைத்தன. கல்லைத் தொட்டவரின் விரல் வியர்வையிலும் அவை உண்டே! எது வானத்தினுடையது, எது விரலினுடையது?

பெரும்பாலான அமினோ அமிலங்களுக்கு, நம் இரு கைகளைப் போல, ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமான இரு வடிவங்கள் உண்டு. பூமியின் உயிர்கள் புரதம் கட்ட இடவடிவத்தையே எடுக்கின்றன. ஆகவே வியர்வை என்றால் இடவடிவமே மிகுந்திருக்க வேண்டும். சிக்கல் என்னவென்றால், இரண்டும் ஒரே எடை, ஒரே உருகுநிலை. சாதாரணமாகப் பிரிக்க முடியாது. அவர்கள் ஒரே பக்க வடிவம் மட்டுமே கொண்ட 2-பியூட்டனால் என்னும் அற்ககோலை இரண்டுடனும் இணைத்தார்கள். வலக்கையோடு வலக்கை குலுக்குவதும் இடக்கை குலுக்குவதும் ஒன்றாக இராது அல்லவா? இணைந்தபின் அவை ஆடிப் பிம்பங்கள் அல்ல. கலவையை ஆவியாக்கிப் பிரிக்கும் வாயு நிறப்பகுப்புக் குழாயில் வெவ்வேறு நேரத்தில் வெளிவந்தன. அளந்தால், இரண்டும் ஏறத்தாழச் சமம். புரதங்களில் இடம்பெறாத அமினோ அமிலங்களும் இருந்தன. விரல் அல்ல, வானமே! 1970இல் முடிவு வெளியானது.

வந்தது உயிரல்ல, அதன் மூலப்பொருள் மட்டுமே. "முன்னோர் அன்றே விண்கல்லைச் சொல்லிவிட்டார்கள்" என்று மேடையில் முழங்குவோர் மீது எனக்குக் கோபம் வருகிறது. குடத்தின் கதையில் வியர்வையா வானமா என்று சோதிக்க இடமில்லை. அதற்காக அது சொல்லப்படவுமில்லை. அந்த முழக்கத்துக்குச் செலவாகும் பணத்தில் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆய்வுகூடம் கட்டலாம். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்க மலையகப் பிள்ளைகள் இன்னும் ஊர்விட்டு ஊர் போகிறார்கள்.

மாணவிக்கு ஒரு கேள்வி: அதே கல்லில் இருந்த ஐசோவலீன் என்னும் அமினோ அமிலத்தில் இடவடிவம் சற்றே மிகுதி என்று 1997இல் கண்டார்கள். அந்த மிகுதி எங்கிருந்து வந்தது?