ஒன்ஸ் என்றால் எத்தனை வேளை?

மருந்துக் கடையில் எனக்கு அதிகம் பயம் தரும் ஆங்கிலச் சொல் எந்த மருந்தின் பெயரும் இல்லை, ஒரு தடவை என்று அர்த்தம் தரும் ‘ஒன்ஸ்’தான் (once).

நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஸ்பானிய மொழிக்காரர்கள் நிறையப் பேர். அங்கே கணினி மொழிபெயர்த்துக் கொடுத்த மருந்து லேபிள்களைப் பரிசோதித்த ஆய்வு ஒன்று 2010இல் வந்தது. பாதிக்குப் பாதி தப்பு. சொல்லை மாற்றாமல் ‘ஒன்ஸ்’ என்றே விட்டுவிட்டால் இன்னும் ஆபத்து. அதே நான்கு எழுத்தை ஸ்பானியர் ‘ஓன்ஸே’ என்று படிப்பார்கள், அர்த்தம் பதினொன்று.

சொல்லின் பூர்வீகம் எளிமையானது. பழைய ஆங்கிலத்தில் ‘ஆன்’ என்றால் ஒன்று. அதில் ஓர் உருபு சேர்ந்து ‘ஒரு தடவை’ என்றானது. ‘வன்ஸ்’ என்று சொல்லும்போது முன்னால் வருகிற ‘வ’ ஒலி எழுத்திலேயே கிடையாது, மேற்கு இங்கிலாந்துப் பேச்சிலிருந்து ஒட்டிக்கொண்டது. அதே ‘ஆன்’இலிருந்து வந்த ‘ஒன்லி’, ‘அலோன்’ இரண்டும் இந்த ‘வ’ ஒட்டாமல் பழைய உச்சரிப்பிலேயே நின்றுவிட்டன.

அப்புறம் பொருள்கள் கிளைவிட்டன. கதையில் வந்தால் ‘முன்னொரு காலத்தில்’. வாக்கியத்தின் தலையில் வந்தால் ‘ஆனவுடன்’. கண் சொட்டு மருந்தில் ‘ஒன்ஸ் ஓப்பன்ட்’ என்று போட்டிருந்தால், திறந்தபின் இத்தனை நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும் என்று பொருள். “ஒரு தடவைதான் திறக்கணுமாமே தம்பி” என்று ஓர் அம்மா புட்டியை அப்படியே திருப்பிக் கொண்டுவந்தார். (நம் ‘ஒருவேளை’ மட்டும் என்னவாம்? சேர்த்து எழுதினால் சந்தேகம், பிரித்து எழுதினால் மாத்திரைக் கணக்கு.)

சிரிப்பு மெத்தோட்ரெக்ஸேட் என்ற மாத்திரையோடு நின்றுவிடும். முடக்குவாதத்துக்கு அதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் கொடுப்பார்கள். சீட்டில் ‘ஒன்ஸ்’ மட்டும் கண்ணில் பட்டு ‘வீக்லி’ நழுவினால், தினமும் விழுங்கிவிடுவார்கள். வாய் முழுக்கப் புண் வரும், ரத்த அணுக்கள் சரியும், உயிரே போகலாம். ஒரு நாளைக்கு ஒரு தடவை என்பதற்கு டாக்டர்கள் போடும் ‘ஓ.டி.’யும் (OD) லேசுப்பட்டதில்லை. லத்தீனில் அதே இரண்டு எழுத்து வலது கண்ணைக் குறிக்கும்.

அதனால் இந்த மாத்திரை வாங்க வருகிறவரிடம் “எத்தனை தடவை?” என்று கேட்பதை விட்டுவிட்டேன். “என்னைக்குப் போடுவீங்க?” என்று கேட்கிறேன். “தினம் காலையில” என்று பதில் வந்தால், பில் போடாமல் டாக்டருக்கு போன் அடிப்பேன். “ஞாயித்துக்கிழமை” என்றால் சரி, அட்டையின் பின்புறம் மார்க்கரால் ‘ஞாயிறு மட்டும்’ என்று பெரிதாக எழுதிக் கொடுப்பேன்.