உங்கள் கணினியில் ஓடுவது போதாது

சில வருடங்களுக்கு முன் படங்களைச் சுருக்கும் ஒரு சிறிய கருவியைப் பொதியாக்கி, அதாவது மற்றவர்கள் அப்படியே நிறுவிக்கொள்ளும்படி கட்டி, வெளியிட்டேன். என் கணினியில் நன்றாக ஓடியது. இரண்டு நாளில் ஒரு பயனர் எழுதினார்: திறந்ததுமே, வெப்பி படங்களைக் கையாளும் லிப்வெப்பி என்ற நிரல் நூலகம் இல்லை என்று சொல்லி நின்றுவிடுகிறதாம். கருவி ஓடத் தேவையான மற்ற மென்பொருள்களை நான் கையால் எழுதிவைத்த சார்புப் பட்டியலில் அந்தப் பெயரே கிடையாது. மூல நிரலை ஓடும் நிரலாக மாற்றும் பில்ட் வேலையின் பதிவைத் திரும்பப் படித்தபோதுதான் கண்ணில் பட்டது. பில்டுக்கு முன் கணினியில் என்னென்ன இருக்கிறது என்று பார்க்கும் கான்ஃபிகர் ஸ்கிரிப்ட் லிப்வெப்பியைத் தேடியிருக்கிறது, என்றோ வேறு வேலைக்காக நான் நிறுவியிருந்தது கிடைத்திருக்கிறது, கேட்காமலே சேர்த்துக்கொண்டது.

இதற்கு மருந்து இரண்டு. முதலில், விருப்பத் தேர்வுகள் ஒவ்வொன்றுக்கும் வேண்டும், வேண்டாம் என்று நீங்களே கான்ஃபிகருக்குச் சொல்லிவிடுங்கள். இரண்டாவது, சார்புப் பட்டியலில் உள்ளவற்றைத் தவிர வேறெதுவும் கூடுதலாக நிறுவாத வெற்றுச் சூழலில், இணையத்தைத் துண்டித்துவிட்டு பில்ட் செய்யுங்கள். லினக்ஸ் விநியோகங்களான டெபியனில் எஸ்பில்ட், ஃபெடோராவில் மாக் என்ற கருவிகள் இதற்காகவே இருக்கின்றன. அங்கே பில்ட் உடைந்தால் நல்லது, விட்டுப்போன சார்பு பயனரிடம் போகும் முன்பே தெரிந்துவிடும்.

பில்ட் முடிந்ததும் ரீட்எல்ஃப் கருவியால் பைனரியை, அதாவது பில்டில் கிடைத்த ஓடும் கோப்பை, திறந்து, அது நேரடியாகக் கேட்கும் நூலகங்களைப் பாருங்கள். எல்டிடி என்ற கருவி அந்த நூலகங்கள் இழுத்துவரும் மற்றவற்றையும் சேர்த்துக் காட்டும். ஆனால் நம்பிக்கையில்லாத பைனரியில் எல்டிடியை ஓட்டாதீர்கள், சில சமயம் அந்த நிரலே இயங்கிவிடும். நிரல் ஓடும்போது டிஎல்ஓப்பன் என்ற அழைப்பின் வழியாக ஏற்றப்படும் நூலகங்கள் இரண்டிலும் தெரியாது. அதற்கு மூல நிரலைத்தான் படிக்க வேண்டும்.

இதெல்லாம் வெறும் பொதியாக்கத் தொல்லை என்று நினைப்பவர்களுக்கு 2024 மார்ச்சில் வெளிப்பட்ட, எக்ஸ்ஸெட் என்ற கோப்புச் சுருக்க மென்பொருளின் விவகாரத்தைச் சொல்வேன். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சுக்கு எக்ஸ்ஸெட்டின் நூலகமான லிப்எல்ஸெட்எம்ஏ தேவையே இல்லை. சில விநியோகங்கள், கணினியின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டிக்குத் தகவல் சொல்வதற்காக ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சில் ஒட்டுப்போட்டு லிப்சிஸ்டம்டியை இணைத்தன. அதன் பின்னாலேயே லிப்எல்ஸெட்எம்ஏவும் எஸ்எஸ்ஹெச் சர்வருக்குள் வந்து உட்கார்ந்தது. எக்ஸ்ஸெட் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் வைத்த பின்கதவு, அதாவது ரகசிய நுழைவு வழி, இந்த வழியைத்தான் பயன்படுத்தியது. அதை பில்டுக்குள் புகுத்திய ஸ்கிரிப்ட், மூல நிரலை வைத்திருக்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை, வெளியீட்டுக்காகத் தொகுத்த டார் கோப்பில் மட்டும் இருந்தது. அதனால் டார் கோப்பைக் களஞ்சியத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பதையும் நான் இப்போது வழக்கமாக்கிவிட்டேன்.

நீங்கள் பராமரிக்கும் பொதிகளில் பழையதாக ஒன்றை எடுத்து முதலில் வெற்றுச் சூழலில் பில்ட் செய்து பாருங்கள். நான் அப்படிச் செய்தபோது என் பட்டியலில் இல்லாத இரண்டு பெயர்கள் கிடைத்தன. சரி, மூன்றாவது ஒன்று மாதக்கணக்கில் யாருக்கும் தேவைப்படாமல் பட்டியலில் கிடந்தது.