காட்டுமாடு வந்தால் அசையக் கூடாது

கோத்தகிரிப் பக்கம் ஒரு பால்வாடி. வெளியே மூடுபனி. அம்மாக்கள் கொழுந்து பறிக்கப் போயாயிற்று. உள்ளே ஸ்வெட்டர் போட்ட பிள்ளைகள் ஓடிக்கொண்டிருக்க, டீச்சர் திடீரென்று "காட்டுமாடு!" என்கிறார். அத்தனை பேரும் அப்படியே சிலையாக நிற்க வேண்டும். ஒரு நாலு வயதுப் பையனுக்குக் கால் துறுதுறுக்கிறது. உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிறான். "போயிடுச்சு" என்றதும் மறுபடி ஓட்டம்.

வெறும் விளையாட்டாகத்தான் தெரியும். ஆனால் அந்தச் சில நொடிகளில் அவன் நெற்றிக்குப் பின்னாலிருக்கும் மூளைப் பகுதி மும்முரமாக இருக்கிறது. ஓடத் துடிக்கும் உடம்பை நிறுத்த வேண்டும், விளையாட்டின் விதி மறக்கக் கூடாது, அடுத்த சொல்லுக்குக் காது கொடுக்க வேண்டும். மூன்றிலிருந்து ஐந்து வயதுக்குள் இந்தத் திறன்கள் மளமளவென்று வளர்கின்றன.

முதல் சில ஆண்டுகளில் மூளையில் நொடிக்குப் பத்து லட்சத்துக்கும் மேல் புது நரம்பு இணைப்புகள் உருவாகின்றன. அப்புறம் கவாத்து நடக்கிறது: புழங்கும் இணைப்பு பலப்படும், புழங்காதது வெட்டப்படும். புழங்க வைப்பது முக்கியமாகப் பேச்சுதான். குழந்தை பொறுக்கிவந்த தைலமரக் காயை நீட்டினால், "இதோட தொப்பி எங்கே போச்சு?" என்று கேட்டு, அது யோசித்து முடிக்கும்வரை பொறுமையாக இருக்கும் ஒரு பெரியவர் வேண்டும். டிவி அப்படிக் காத்திருக்காது.

இதன் பலன் எவ்வளவு தூரம் போகும்? அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1962-ல் ஒரு சோதனை தொடங்கியது. ஏழைக் கறுப்பினக் குடும்பங்களின் 123 குழந்தைகளில் 58 பேருக்கு மட்டும், பள்ளியில் சேரும் முன்பே, மூன்று நாலு வயதில், தினம் இரண்டரை மணி நேர வகுப்பு. வாரம் ஒருமுறை டீச்சர் வீட்டுக்கே போவார். அவர்களுடைய நுண்ணறிவு மதிப்பெண் முதலில் ஏறியது, சில வருடங்களில் மற்றவர்களோடு சமமாகிவிட்டது. அத்தோடு விட்டிருந்தால் தோல்வி என்றே எழுதியிருப்பார்கள். நாற்பது வயதில் பார்த்தபோது அவர்களில் பள்ளிப்படிப்பை முடித்தவர்கள் அதிகம், சம்பாத்தியமும் அதிகம். ஐந்து முறையோ அதற்கு மேலோ கைதானவர்கள் 36 சதவீதம். வகுப்புக்குப் போகாதவர்களில் 55. மதிப்பெண்ணைவிட, தன்னை அடக்கிக்கொள்ளும் அந்தப் பழக்கம்தான் கடைசிவரை உதவியது என்று நினைக்கிறேன்.

அதனால்தான், மூன்று வயதிலேயே நோட்டு நிறைய எழுத வைத்துவிட்டு அதைத் தரமான படிப்பு என்று சொல்லும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. பென்சில் பிடிக்கும் விரல்களே இன்னும் உறுதியாகவில்லை. பால்வாடியில் அந்தப் பையன் இப்போது தைலமரக் காய்களைப் பெரிது, சிறிது என்று பிரித்துக்கொண்டிருக்கிறான். ஒன்று எதிலும் சேரவில்லை. டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் சொல்லாமல், அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.